கண்டக்டர் லூர்துராஜின் கத்தல்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் மலை வண்டிகள் நிற்கும் மூலையில் ஒரு குரல் மற்ற எல்லாக் குரல்களுக்கும் மேலே ஏறி நிற்கும். "கச்சிராபாளையம், பரிகம், வெள்ளிமலை, கரியாலூர்ர்ர்ர்!" கடைசி ஊரின் பெயரை அவர் இழுக்கிற இழுப்பில் பழக்கடைப் பக்கம் தூங்குகிறவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். தனியார் பேருந்து கண்டக்டர் லூர்துராஜை அந்த இழுப்பால் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். இந்த மனிதர் தனி ஆளாக ஒரு பிளாக் மெட்டல் ஆல்பம் செய்துகொண்டிருந்தார்.

பிளாக் மெட்டல் கேட்டிராதவர்களுக்கு: கிட்டார் கம்பியை விடாமல் உரசிக்கொண்டே இருப்பார்கள், தகரக் கூரையில் அடைமழை பெய்கிற மாதிரி இருக்கும். அதற்கு அடியில் டிரம்ஸ் ஓடும். அதற்கும் அப்பால், எங்கேயோ தூரத்தில், ஒருவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அதிலேயே அட்மாஸ்பெரிக் என்று ஒரு வகை உண்டு. அதில் அவசரமே கிடையாது. ஒரு பாட்டு பாதி மலை ஏறுகிற நேரத்துக்கு நீளும். பனிக்குள் தனியாக நடந்துபோகிற மாதிரி இருக்கும். பிடிக்காதவர்களுக்கு அது வெறும் இரைச்சல். பிடித்துப்போனவர்களுக்கு அதைவிட அழகான ஒன்று உலகத்திலேயே இல்லை!

லூர்துராஜுக்கு அது பிடித்துப்போனது அவருடைய வண்டியிலேயேதான். மழைக்காலத்தில் அருவி பார்க்க வந்த கல்லூரி மாணவர்கள் சிலர், ஓடிக்கொண்டிருந்த சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லித் தங்கள் போனை ஸ்பீக்கரில் இணைத்தார்கள். வண்டி மலை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கிட்டார் இரைந்தது, யாரோ கத்தினார்கள். டிரைவர் மாயவன் பிரேக்கை மிதித்தார்.

"இன்னாடா லூர்து, சக்கரத்துல நாயி கீயி மாட்டிக்கிச்சா?"

வண்டி முழுக்கச் சிரித்தது. புளி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அணைச்சித் தொலைங்கப்பா, நெஞ்ச அடைக்குது" என்றார். மாணவர்கள் அணைத்துவிட்டார்கள். லூர்துராஜ் மட்டும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டே நின்றார். மாணவர்கள் இறங்கும்போது அவர்களிடம், "தம்பி, அது இன்னா பாட்டு? பேரச் சொல்லு" என்று கேட்டு, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார்.

"வெளிய இருந்த பனியும் உள்ள கேட்ட பாட்டும் ஒண்ணுதான்னு தோணிச்சி. ஆளப் புடிச்சி உலுக்குன மாதிரி இருந்துச்சி" என்று பிறகு மனைவி ஷீபாவிடம் சொல்லியிருக்கிறார்.

கிட்டார் அவருக்குப் புதிதல்ல. திருக்கோவிலூர் பக்கத்தில் ஒரு கிராமம் அவருடையது. அப்பா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் கூலிக்குப் போனவர். பங்குக் கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவர் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போனபோது, சும்மா கிடந்த கிட்டாரை லூர்துராஜ் எடுத்துத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். ஞாயிறு பூசைக்கு வாசித்த அதே விரல்கள்தான் இப்போது ஒற்றைக் கம்பியில் மழை பெய்ய வைத்தன. டிரம்ஸ் போனில் ஒரு செயலி. கீபோர்டும் போனில்தான். எல்லாம் ஒரே ஆள். அந்த ஒற்றை ஆள் குழுவுக்குக் 'கார்மூட்டம்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

ஷீபா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவர். தையல் மெஷினின் மோட்டார் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடும் என்பதால், லூர்துராஜ் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஷீபா துணி வெட்டக் கத்தரிக்கோலை எடுத்ததும் மளமளவென்று வாசிப்பார். மெஷின் ஓடத் தொடங்கினால் நிறுத்திவிடுவார். நான்கு பாட்டின் கிட்டாரும் இப்படி, ஜாக்கெட் வெட்டுகிற இடைவெளிகளில் பதிவானதுதான்!

"இது சாத்தான் பாட்டாமே?" என்று ஷீபா ஒருநாள் கேட்டார். "எங்க அண்ணன் யூடியூப்புல பாத்துட்டு போன் பண்ணிச்சி."

"சில பேரு அப்டியும் பாடுவாங்க. நா பனியப் பத்திப் பாடுறேன். பஸ்ஸப் பத்திப் பாடுறேன்."

"பஸ்ஸப் பத்தியா? அதுக்கா இந்தக் கத்து கத்தணும்?"

"பஸ்ல கத்துறது ஜனங்களுக்கு. இது எனக்கு."

ஷீபா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

பாட்டு நான்கும் தயார். குரல்தான் பாக்கி. எங்கே போய்க் கத்துவது? வரிசை வீடு, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கலையரசி வீடு. லூர்துராஜ் தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு ஒரு பகலில் முயற்சி செய்தார். முதல் வரிக்கே கதவு இடிபட்டது.

"ஷீபா! ஏய் ஷீபா! தொறடி! வலிப்பு வந்துடுச்சா அவருக்கு?"

திறந்ததும் கலையரசி பாய்ந்து வந்து, பீரோ சாவியும் பூட்டுச் சாவியும் தொங்கும் இரும்புச் சாவிக்கொத்தை லூர்துராஜின் உள்ளங்கையில் திணித்து, விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். "கெட்டியா புடிண்ணே! உட்றாத!"

லூர்துராஜ் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வேறு என்ன செய்வது? "சரியாப் போச்சிம்மா" என்று சொல்லிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கலையரசி அவரைப் பார்க்கும்போதெல்லாம் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க ஆரம்பித்தார்.

பக்திப் பாடல்கள் பதிவு செய்யும் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் போனார். முதல் கத்திலேயே அங்கிருந்தவர் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, "தம்பி, மைக்கு தாங்காதுப்பா. எதுனா அம்மன் பாட்டு இருந்தா சொல்லு, பாடிட்டுப் போ" என்று அனுப்பிவிட்டார்.

இதற்கிடையில்தான் தொண்டை மக்கர் பண்ண ஆரம்பித்தது. 'கரியாலூர்' பாதியில் அறுந்து வெறும் காற்றாக வந்தது. மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம், அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்று தேதி கொடுத்தார்.

"பேச்சு நல்லா வந்துடும். ஆனா இனிமே கத்தக் கூடாது. எப்பவுமே."

"கண்டக்டருங்க சார் நானு."

"விசில் இருக்கில்ல? அத ஊதுங்க."

லூர்துராஜ் பாட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. வெளியே வந்து ஷீபாவிடம் சொன்னது ஒரே வரிதான்: "தேதிக்கு முன்னாடி கத்தி முடிச்சிடணும்." தொண்டையில் மிச்சம் இருக்கிற கத்தல் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நான்கு பாட்டும் பாடியாக வேண்டும். அன்றிலிருந்து நிலையத்தில் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லவே இல்லை. டிக்கெட் பையைத் தட்டி, விசில் ஊதி, கையைக் காட்டி ஆள் ஏற்றினார். குரலை அப்படிப் பொத்திப் பொத்திச் சேர்த்தார்.

வழி மலையிலேயே இருந்தது. கடைசி வண்டி கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் இரவு தங்கி, காலையில் முதல் டிரிப்பாக இறங்கும். மாயவனும் லூர்துராஜும் வண்டியிலேயே படுத்துக்கொள்வார்கள். விடிந்ததும் வண்டி கிளம்ப நேரம் இருக்கும். ஊரை விட்டு ஒரு மேடு ஏறினால் பாறை, பனி, அவ்வளவுதான். அங்கே யார் வரப்போகிறார்கள்?

ஐப்பசி மாதம் ஒரு காலை, மைக்கில் மெத்தைப் பஞ்சைச் சுற்றி ஒரு குச்சியில் கட்டினார். காதில் ஹெட்போன். முதல் பாட்டை ஓடவிட்டார். கிட்டார் எழும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அறுக்காமல், மூச்சு இருக்கிற வரைக்கும், நீளமாக ஒரே கத்து. எத்தனை மாதமாகத் தேக்கிவைத்தது! பனி அதை வாங்கிக்கொண்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. மறுபடியும் கத்தினார். இன்னும் ஒரு தடவை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதன் நடுவில் யாரோ தோளைப் பிடித்துத் திருப்பினார்கள்.

மூச்சு இரைக்க நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேரின் தோளில் ஒரு மூங்கில், அதில் தொட்டிலாகக் கட்டிய கம்பளி. சாலை இல்லாத ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வருகிற டோலி அது. எல்லோருக்கும் முன்னால், முழங்கால் வரை சேறாக, ஒரு பெண். அவர் பெயர் ராஜாம்பாள். பக்கத்தில் கம்போடு அவருடைய தம்பி வேடியப்பன்.

"யாருப்பா உழுந்தது?" என்றார் ராஜாம்பாள்.

"யாரும் உழலைங்க."

"கரடியா?"

"இல்லைங்க."

"அப்ப இன்னாத்துக்குய்யா கத்துன?"

லூர்துராஜ் ஹெட்போனைக் கழற்றினார். "பாட்டு... பாட்டு பாடிக்கினு இருந்தேங்க."

டோலியின் முன்பக்கத்தைத் தூக்கியிருந்தவர் மெதுவாகக் கீழே இறக்கி, மூங்கிலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாட்டா?" என்றார் வேடியப்பன். "ஏம்பா கண்டக்டரு, இது பாட்டா?"

"எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சி" என்றார் ராஜாம்பாள். "யாரு பெத்த புள்ளயோன்னு ஓடியாந்தேன்."

பிறகுதான் லூர்துராஜுக்கு விஷயம் புரிந்தது. சாமை முற்றுகிற பருவம். கொல்லை என்று அவர்கள் சொல்லும் அந்த மேட்டு வயல் ஒவ்வொன்றிலும் ஒருவர் தனியாகக் காவல் இருப்பார். காட்டுப் பன்றி இறங்கினால் துண்டு துண்டாகக் கத்துவார்கள். அதைக் கேட்டதும் அடுத்த கொல்லைக்காரரும் அதற்கடுத்தவரும் பதிலுக்குத் துண்டு துண்டாகக் கத்துவார்கள், 'நான் இருக்கிறேன்' என்று. ஆனால் ஒரு கத்து அறுபடாமல் நீளமாக வந்தால் அதற்கு வேறு அர்த்தம். ஆள் விழுந்துவிட்டான், போட்டதைப் போட்டபடி ஓடி வா!

"வருசக்கணக்கா எங்க ஊர்ல வண்டியப் போட்டுப் படுக்குற, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டார் வேடியப்பன்.

தெரியாதுதான். மாயவன் எழுந்ததும் இஞ்சினைப் போட்டுவிடுவார். அந்த உறுமலைத் தாண்டி இவர்களுடைய குரல் எதுவும் வண்டிக்குள் வந்ததில்லை.

எல்லோரும் திரும்பி நடந்தபோது ராஜாம்பாள் நின்றுவிட்டார். கீழே அவருடைய கொல்லை பனிக்குள்ளிருந்து தெரிந்தது. பாதி சாமை படுத்துக் கிடந்தது. அவர் டோலியோடு ஓடிவந்த நேரத்தில் பன்றிகள் இறங்கிவிட்டிருந்தன. அவருடைய கணவர் கேரளத்தில் மிளகு எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். விதைத்ததிலிருந்து காவல் காத்தது ராஜாம்பாள் ஒருவர்தான். அவர் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒடிந்த ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"அக்கா..." என்றார் லூர்துராஜ்.

அந்த ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பொய்க் கத்தால் காவலில் இருந்தவரை இழுத்தவர், அந்தக் கொல்லைக்குக் காவல் இருந்து கொடுக்க வேண்டும். வேடியப்பன் அதைச் சொன்னார். "மிச்சம் கீறது அறுப்பாகுற வரைக்கும், நீ இங்க தங்குற அன்னிக்கெல்லாம் விடியக்காலம் வந்து ஒக்காந்து கத்தணும். அந்த நேரம் எங்கக்கா தூங்கிக்கும்."

லூர்துராஜ் தலையாட்டிவிட்டு வண்டிக்கு வந்தார். மாயவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"டேய், உனக்கு ஆபரேசன். கத்தக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. மொதலாளிகிட்ட சொல்லி ரூட்ட மாத்திக்கினு போய்க்கினே இரு. களமருதூர் வண்டில ஆளு கேக்குறாங்க. உன்ன யாரு தேடி வரப் போறாங்க?"

"தேடி வந்தாங்களேண்ணே" என்றார் லூர்துராஜ். "யாரு இன்னான்னே தெரியாம, தூக்கிக்கினு போறதுக்குக் கம்பளி கட்டி எடுத்துக்கினு வந்தாங்க. எனக்கோசரம்."

மாயவன் கியரைப் போட்டார்.

நாள் முழுக்கத் தொண்டை கிழிய ஊர்ப் பெயர் கத்தினாலும் அவருக்கு என்ன என்று கேட்காதவர்கள் மத்தியில் வாழ்ந்தவர் லூர்துராஜ். சில்லறைக்காகத் திட்டு வாங்குகிறவர். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை தனக்காகக் கத்தினார், அதற்கு ஒரு மலையே எழுந்து ஓடிவந்தது! அதன் பிறகு அவர் எப்படி ரூட்டை மாற்றுவார்?

தங்கல் இருந்த ஒவ்வொரு விடியலிலும் அவர் ராஜாம்பாளின் கொல்லைக்குப் போனார். மரக்கொம்புகளில் கட்டிய பரணில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். புதரில் அசைவு தெரிந்தால் "ஓய்! ஓய்! ஓய்!" என்று துண்டு துண்டாகக் கத்தினார். பனிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேடியப்பன் பதில் கொடுப்பார். அதற்கும் அப்பாலிருந்து இன்னொருவர். அதற்கும் அப்பால் நூல் மாதிரி மெலிந்த ஒரு குரல். சில நாள் தூங்கப் போகாமல் ராஜாம்பாளும் கொல்லையின் மறுகோடியில் நின்று குரல் கொடுப்பார்.

"கண்டக்டரே, இன்னா சளி புடிச்ச கோழி மாதிரி கத்துற? பன்னி சிரிக்கும்யா!"

"இதுக்கு மேல வரலக்கா."

"டிக்கெட் வாங்காத பன்னின்னு நெனச்சிக்கினு கத்து!"

லூர்துராஜ் சிரித்தார். ஆனால் ஒவ்வொரு காலையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போனது அவருக்குத் தெரியும். மூன்றாவது பாட்டைச் சமவெளியில், ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு லாரி நிற்கிற இடத்தில், லாரி இரைச்சலுக்குள் நின்று ஒப்பேற்றினார். அங்கேயும் ஒரு டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். நான்காவது பாட்டு, எல்லாவற்றிலும் பெரியது, குரல் இல்லாமலேயே கிடந்தது. அதன் நடுவில் கிட்டார் ஏறி ஏறி ஓர் உச்சிக்குப் போகும். அங்கே வைப்பதற்காகத்தான் அறுபடாத ஒரு கத்தலை ஆரம்பத்திலிருந்தே யோசித்து வைத்திருந்தார். அந்தப் பாட்டு மலையைப் பற்றியது. மலையில்தான் பதிய வேண்டும்.

வீட்டில் ஷீபா ஒருநாள் வெடித்துவிட்டார்.

"பாட்டுக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சிக்கினு இருந்தீங்க. நம்ம கொழந்த கூப்புட்டாகூட தலைய ஆட்டுறீங்க. இப்ப அந்தத் தொண்டைய எடுத்துக்கினு போயி பன்னிக்குக் குடுத்துட்டு வர்றீங்களே, உங்களுக்கே நல்லாக்கீதா?"

"அவங்க கொல்ல பாதி போச்சி ஷீபா. என்னாலதான்."

"உங்க பாட்டு போனா யாரு வந்து காவல் இருப்பாங்க?"

ஷீபா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, கொப்பளிக்கச் சொல்லி டம்ளரைக் கையில் வைத்தார்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய கடைசித் தங்கல். அறுப்புக்கு இன்னும் நாள் இருந்தது. மாலை வண்டி போய் நின்றதும் லூர்துராஜ் நேராக ராஜாம்பாள் வீட்டுக்குப் போனார். வேடியப்பனும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்கிக் காலைல ஒரே ஒரு தடவ. நீட்டிக் கத்திக்கிறேன். அதுக்கப்பறம் எனக்குக் கத்தவே முடியாது. இன்னிக்கே எல்லாக் கொல்லைக்கும் சொல்லி உட்டுடலாம், காலைல கத்துறது கண்டக்டருதான், யாரும் வராதீங்கன்னு."

ராஜாம்பாள் தம்பியின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

"சொல்லி உட்றோம். அதே நேரத்துல இவன் பாறையில வழுக்கி உழுந்துட்டான்னா?"

"நா ஏங்கா உழப் போறேன்?" என்றார் வேடியப்பன்.

"போன வருசம் உழல? மாடு மாதிரி கத்துனியே." ராஜாம்பாள் லூர்துராஜின் பக்கம் திரும்பினார். "இவன் கத்துவான். நாங்க எல்லாரும், கண்டக்டரு பாடுறான் போலன்னு சொல்லிக்கினு ஒக்காந்துக்கினு இருப்போம். ஒரு தடவ அப்டி ஒக்காந்துட்டா, அடுத்த தடவ காலு எழும்புமா? நீயே சொல்லு."

லூர்துராஜ் நின்றார். அந்தக் கத்தலுக்காக எவ்வளவு காத்திருந்தார்! இனி தொண்டையை மருத்துவரிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். ஆனால் அவர் கண்ணுக்கு முன்னால் கம்பளி கட்டிய அந்த மூங்கில் இருந்தது.

"வாணாங்க்கா" என்றார். "நீங்க சொல்றது சரி."

"வருத்தமா?"

"ஆமாங்க்கா."

"சாப்ட்டுப் போ" என்றார் ராஜாம்பாள்.

மறுநாள் விடிந்தபோது பனி பரணின் காலைக்கூட மறைத்திருந்தது. லூர்துராஜ் மைக்கைக் கட்டினார், ஹெட்போனை மாட்டினார், நான்காவது பாட்டை ஓடவிட்டார். பிறகு தனக்கு மிச்சம் இருந்த குரலை எடுத்து, கொல்லைக்காரர்கள் கத்துகிற மாதிரியே கத்தினார். துண்டாக. ஒரு சொல், ஒரு கத்து, நிறுத்தம். யாரும் பயந்து ஓடிவராத கத்து. பனிக்குள்ளிருந்து வேடியப்பன் பதில் கொடுத்தார், "ஓய்!" அதற்கப்பால் இன்னொருவர். அதற்கப்பால் அந்த நூல் குரல். லூர்துராஜ் பதில் வந்து முடிகிறவரை காத்திருந்து அடுத்த துண்டைப் போட்டார். தாளத்துக்கு முன்னும் பின்னுமாக விழுந்தது. பாதி இடத்தில் குரல் இல்லை, காற்று மட்டும்தான். மறுபடியும் பதில் வந்தது, ஒருவர் விடாமல். கொல்லையின் மறுகோடியிலிருந்து ராஜாம்பாளும் "ஓய்ய்!" என்றார்.

பிளாக் மெட்டலில் கத்துகிறவர் எப்போதும் தனியாகத்தான் இருப்பார். அந்த இசையின் உயிரே அந்தத் தனிமைதான். இங்கே ஒருவர் கத்த, மலை முழுக்க ஆட்கள் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்! கேட்டால் உடம்பு சிலிர்த்துப் போகும்.

அந்த உச்சி வந்தது. கிட்டார் ஏறியது, ஏறிக்கொண்டே போனது. லூர்துராஜ் மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். கிட்டார் மட்டும் தன் போக்கில் ஓடி, இறங்கி, முடிந்தது.

கீழே மாயவன் ஹார்ன் அடித்தார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள். லூர்துராஜ் விடுப்பில் வீட்டில் உட்கார்ந்து, போனிலேயே நான்கு பாட்டையும் கலந்து முடித்தார். நான்காவது பாட்டை இணையத்தில் போடுவதற்கு முன் அதில் குரல் கொடுத்தவர்கள் கேட்டாக வேண்டும் என்று ஷீபாவுக்கு எழுதிக் காட்டினார். இருவரும் ஒருநாள் அவருடைய வண்டியிலேயே பயணிகளாக ஏறி மலைக்குப் போனார்கள்.

மலையில் அறுப்பு முடிந்திருந்தது. ராஜாம்பாள் வாசலில் சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டதும், முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கினார். வெளியே யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே பாட்டு எங்கே போகிறது என்று லூர்துராஜ் தெரிந்துகொண்டிருந்தார்.

"யம்மாடி, இன்னா இரைச்சல்!" என்று ராஜாம்பாள் சத்தமாகச் சொன்னார். "தே, இது வேடியப்பன்! இது மேலக் கொல்லைக்காரரு. இது... இது நானா? என் கொரலு இவ்ளோ தூரத்துல கேக்குது! இந்த மழ பேயிற சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுய்யா, நாங்க கத்துறதே கேக்கல."

"அதத்தான் நானும் சொல்றேங்க்கா" என்றார் ஷீபா. "கேக்க மாட்டன்றாரு."

லூர்துராஜ் வேகமாகத் தலையாட்டி மறுத்தார்.

கொஞ்ச நேரத்தில் ராஜாம்பாள் பேசுவதை நிறுத்தினார். உச்சிக்கு வந்துவிட்டார். காத்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இங்கதான நீட்டிக் கத்தணும்னு சொன்ன?"

லூர்துராஜ் ஆமாம் என்று தலையசைத்தார்.

"அறுப்புதான் ஆயிடுச்சே. இப்பக் காவல்ல யாரும் இல்ல. இப்பக் கத்திக்கோயேன்."

"இனிமே அவரு கத்தக் கூடாதுங்க்கா" என்றார் ஷீபா.

ராஜாம்பாள் லூர்துராஜின் தொண்டையைப் பார்த்தார். "என்னாலதான?" என்று கேட்டார்.

லூர்துராஜ் ஷீபாவின் கையிலிருந்து போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, அவசர அவசரமாக எழுதி நீட்டினார். ஷீபா படித்தார்: "'இல்லக்கா. அந்த எடம் அப்டியேதான் இருக்கணும். கத்தியிருந்தா நீங்க ஓடியாந்திருப்பீங்க. பாட்டு முடிஞ்சிடுச்சி.' இன்னொண்ணும் எழுதிக்கீறாரு. 'இத நெட்டுல போட்டுடலாமா? நீங்க சரின்னாதான்.'"

ராஜாம்பாள் முறத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். உமி பறந்தது.

"வேடியப்பன் பேரப் போடு. மேலக் கொல்லைக்காரரு பேரும் போடு, இல்லன்னா கோச்சிக்குவாரு" என்றார். பிறகு ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். "மொதல்லேருந்து வை. வேலையப் பாத்துக்கினே கேக்குறேன்."